அண்ணனின் காதைப் பார்க்கப் போனவன்

எங்கள் குடும்பத்தில் இருபத்திரண்டு வயதில் புத்தி பேதலிக்கும் என்று நானாகவே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தேன். ஆதாரம் இரண்டே பேர். ஒருவர் ஊரில் இருந்த தாய்மாமன். மற்றவன் என் அண்ணன். மலாயாவில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். ஒரு மத்தியானம், கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கத்தியும் வாளியுமாகப் பெரட்டுக் களத்தில் போய் நின்றான். விடிவதற்குள் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. மத்தியானத்தில் கோழிகள்தான் மேயும். மறுநாளும் நின்றான், அதற்கடுத்த நாளும். கடைசியில் ஜொகூர் பாருவில் மனநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது. இன்னும் மூன்று வருஷம் பாக்கி என்று விரல்விட்டு எண்ணினேன்.

அன்றிலிருந்து பெரட்டில் என் பெயர் கேட்டதும் பக்கத்தில் நிற்பவனிடம், "இப்ப என்னையத்தானே கூப்டாங்க? உனக்கும் கேட்டுச்சில்ல?" என்று உறுதி செய்துகொள்வேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவன் கங்காணியிடம் போய், "இவனுக்கும் ஆரம்பிச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டான்.

பக்கத்துத் தோட்டத்தில் எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. அவள் அப்பா என் அம்மாவிடம், "ரத்தத்துல ஓடுமோன்னுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு தங்கச்சி" என்று இழுத்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இருபத்திரெண்டு தாண்டட்டும் மாமா. தெளிவா இருந்தா பேசுவோம்." லேசாக யோசித்துக்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகுதான் நிஜமாகவே பயந்தார்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கேட்டேன். "கூடப் பொறந்தவனுக்கு இருந்தா, மத்தவங்களவிட உனக்குக் கொஞ்சம் பயம் கூட. வராமலே போறவங்கதான் நெறைய. யாருக்குன்னு எவனாலயும் சொல்ல முடியாது" என்றார். எவனாலும் முடியாதென்றால் என்ன, என்னால் முடியும் என்று நினைத்தேன்.

காரணம் என் வேலை. நாற்றங்காலில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவன் நான். ஒட்டுக் கன்றின் இலையைப் பார்த்தே அது எந்தத் தாய்மரத்து மொட்டு என்று சொல்லிவிடுவேன். துரையே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அந்தத் திமிரில், மாதம் ஒரு தடவை ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனை இலை பார்ப்பதுபோல் பார்த்தேன். காது மடல், நகம், சிரிக்கும்போது கோணும் உதடு. எல்லாம் என்னுடையவைதான். ஒவ்வொரு தடவையும் பீதியோடு திரும்பினேன். ஒட்டுக்கன்றுதான் தாய்மரத்தை அப்படியே உரித்து வைக்கும். விதைக்கன்றுகள் ஒரே மரத்தில் விழுந்தவையானாலும் ஆளுக்கொரு விதமாகத்தான் வளரும். இதைப் புது ஆட்களுக்கு நாள் தவறாமல் சொல்லிக் கொடுத்தவன் நான். நானும் விதையில் முளைத்தவன்தான் என்பது மட்டும் இந்த மண்டையில் ஏறவில்லை.

இருபத்திரண்டு முடிய ஒரு மாதம் இருந்தபோது போனேன். அண்ணன் அன்று தெளிவாக இருந்தான். நான் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீ என்னையப் பாக்க வரலடா" என்றான். "உன்னையப் பாத்துக்க வர்ற."

சட்டென்று அவன் காதிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"எனக்கு வந்தது உனக்கும் வந்தா வரட்டும். பக்கத்துக் கட்டிலு காலியாத்தான் கெடக்கு. அதுக்காக, அம்மா சொன்ன அந்தப் புள்ளைய எத்தன வருசம் காக்க வைப்ப?"

வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"சாப்டியாண்ணே?"

"ஒரு தடவையாச்சும் எதாவது வாங்கிட்டு வருவேன்னு பாத்தேன்டா" என்றான்.