பட்டியலில் இல்லாத சாப்பாடு

விசாரணை அதிகாரியாக இருப்பவர், இரு தரப்பில் எவரிடமும் உபசாரம் பெறக் கூடாது. ஒரு டம்ளர் டீ உட்பட. தெரியாமல் பெற்றுவிட்டால், தெரிந்த உடனே அதைக் குறிப்பில் பதிவு செய்து, இரு தரப்புக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ஓர் அரசு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருந்தபோது இந்த விதியைப் பலருக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். போன ஆண்டு பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம், புனேயில் ஹடப்சர் பகுதியில், அதை எனக்கே பயன்படுத்த வேண்டி வந்தது.

என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களைத் தனியார் நிறுவனங்கள் விசாரணை நடத்தக் கூப்பிடுவது வழக்கம். புனேக்கு வெளியே ரஞ்சன்காவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த ஒரு தொழிலாளி ஷிப்டு நடுவே மெஷினை விட்டு வெளியே போனார், தட்டிக் கேட்ட மேற்பார்வையாளரைத் திட்டினார் என்பது புகார். ஏழு மாதமாக அவர் இடைநீக்கத்தில் இருந்தார். குற்றம் நிரூபணமானால் வேலைகூடப் போகலாம். வியாழனும் வெள்ளியும் அவர்களுடைய ஹடப்சர் அலுவலகத்தில் விசாரணை. சனி, ஞாயிறு ஊர் சுற்றலாம் என்று என் மனைவியையும் கோவையிலிருந்து அழைத்துப் போயிருந்தேன்.

நிறுவனத்துச் சாப்பாட்டை நான் தொட முடியாது என்பதால், எங்கே சாப்பிடுவது என்பதை ஊரிலேயே முடிவு செய்தேன். காலை உணவு, தங்கும் விடுதியில். மீதி எட்டு வேளைக்கு எட்டு உணவகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று. இணையத்தில் புகழ்ந்து எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. திட்டி எழுதுகிறவர்களை மட்டும் படித்து, எங்கே வசை குறைவோ அதைச் சேர்த்தேன். விடுதியிலிருந்து தூரம், சைவமா, கை கழுவும் இடம் எப்படி என்று கட்டம் போட்டு, இரண்டு பிரதி எடுத்தேன்.

மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாம சாப்பிடப் போறமுங்களா, டெண்டர் விடப் போறமுங்களா?" என்றாள்.

முதல் நாள் விசாரணை ஒழுங்காக நடந்தது. அந்தத் தொழிலாளி தமிழர் என்று பெயரைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் நிர்வாகத் தரப்பில் வாதாட வந்த இளம் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருக்குப் புரியாத ஒரு வார்த்தைகூட அந்த அறையில் பேசப்படக் கூடாது என்பதால், நானும் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து இந்தியில் தடுமாறினோம். அவருடைய இந்தி பரவாயில்லை. என்னுடையது, முப்பது வருடம் முன்பு அரசு நடத்திய வகுப்பில் கற்றது. மத்தியானம் நிறுவனத்தின் சாப்பாட்டை மறுத்துவிட்டு, பையில் கொண்டுபோன இரண்டு வாழைப்பழத்தைத் தின்றேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதே மத்தியானம் மனைவிக்கு நடந்ததை நான் மறுநாள்தான் முழுதாகக் கேட்டேன். வரிசை கெடக் கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஆட்டோ பிடித்து ஊர் பார்க்கப் போனவள், மூன்று மணி வாக்கில் பட்டியலோடு ஹடப்சர் திரும்பியிருக்கிறாள். முதல் உணவகத்துக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. அதன் மாற்றாக நான் குறித்திருந்த இடத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது. இனி மாலை ஏழு மணிக்குத்தானாம். மூன்றாவது ஒரு மிசல் கடை. காரக் குழம்பில் மிக்சர் தூவிக் கொடுக்கும் அந்தப் பலகாரம் அங்கே காலையோடு தீர்ந்துவிடுமாம். கை கழுவும் இடம்வரை விசாரித்த நான், கடை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று ஒரு கட்டம் போடவில்லை. கோவையில் ஓட்டலுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏது?

என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், கண் இருட்டும். மிசல் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, "முருகா" என்றிருக்கிறாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாராம்.

"அக்கா, தமிழா? என்ன ஆச்சு, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு? உள்ள வந்து பைட்டுங்க, உக்காருங்க முதல்ல."

"சுகரும்மா. ஒரு கடையும் தெறக்கலைங்க."

"துபார்ல, மத்தியானத்துல, இங்க எல்லாம் பந்த் அக்கா. ஊருக்கே தூக்கம். நானும் மெஸ்ஸ மூடிட்டேன் பாருங்க."

"எங்க வீட்டுக்காரரு பட்டியல் போட்டுக் குடுத்திருக்காருங்க."

"பட்டியல்ல தூக்கத்தப் போடலையா சாரு?"

நான்கு மேஜை போட்ட சின்ன மெஸ் அது. அந்தப் பெண்ணின் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் புனேவாசி. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, நடுக்கம் நின்றதும் தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த சோற்றைப் போட்டிருக்கிறார். பணத்தை நீட்டினால், "கடை மூடியாச்சு. இது எங்களுக்கு வச்ச சோறு. இதுக்கு என்ன பில்லு?" என்று கையைத் தள்ளிவிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வேலையாக வந்திருக்கிறார், மத்தியானம் வாழைப்பழம்தான் தின்றிருப்பார் என்று என் மனைவி சொன்னதும், எனக்கும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் அறைக்கு வந்தேன். மறுநாள் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டே அந்த டப்பாவைக் காலி செய்தேன். கடலைப்பொடி சேர்த்த கத்திரிக்காய்க் குழம்பு.

"வெல்லம் கொஞ்சம் தூக்கல்," என்றேன்.

"அதக் குடுத்த அம்மா இருக்காங்களே, இன்னிக்கு மட்டும் அவங்க இல்லைன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள். நான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கையைக் காட்டினேன். அவள் நிறுத்திக்கொண்டாள். டப்பாவின் மூடியில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்தும், அதன் கீழே ஒரு மீனும் வெட்டியிருந்தது மட்டும் கண்ணில் பட்டது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டச் சொன்னால் யாரும் மீன் கேட்க மாட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் கை கழுவப் போனேன். தாழ்வாரத்து மூலையில் அந்தத் தொழிலாளி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மூடி தரையில் இருந்தது. அதே இரண்டு எழுத்து, அதே மீன்.

"இது எங்கே வாங்கியது?" என்று இந்தியில் கேட்டேன்.

அவர் எழுந்து நின்று, மனைவி மெஸ் நடத்துவதாகவும், வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் மீன் வெட்டுவது தன் மாமனார் வைத்த வழக்கம் என்றும் இந்தியிலேயே பதில் சொன்னார். நான் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். அப்போதுதான் மேலே எழுதிய கதை முழுவதையும் கேட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்ப உட்கார்ந்ததும் குறிப்பில் எழுதினேன்: "குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி சமைத்துக் கொடுத்த உணவை நேற்று மாலை நான் உண்டேன் என்பது இன்று தெரியவந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் மனைவி மயங்கி விழ இருந்ததை எழுதவில்லை. அவளாகத்தான் போய் அந்தப் படியில் உட்கார்ந்தாள் என்பதை எழுதவில்லை. எழுதினால் பட்டியலைப் பற்றியும் எழுத வேண்டும். கட்டம் போட்டுப் பட்டியல் தயாரித்தவர் மனைவியைப் பட்டினி போட்டார் என்று ஓர் அலுவலகக் குறிப்பில் ஏற என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விவரம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

வாசித்துக் காட்டியதும் தொழிலாளி எழுந்துவிட்டார். இரண்டு நாளில் முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"சார், நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியாது சார்."

"இந்தியில் சொல்லுங்கள், பதிவு செய்கிறேன்," என்றேன்.

அவர் பேனாவை வாங்கினார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நிர்வாகத் தரப்பு அதிகாரி, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் பணிவோடு சொன்னார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

சனிக்கிழமை காலையில் டப்பாவை விடுதி வரவேற்பில் கொடுத்தனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம் என்றேன். மனைவி காதில் வாங்கவில்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து, "வெறும் டப்பாவ எப்பிடீங்க குடுக்கறது?" என்று கடையில் சர்க்கரை வாங்கி நிரப்பிக்கொண்டு போனாள். விசாரணை நின்றுபோனதை அந்தப் பெண் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பினாள். பாணேர் பகுதியில், பட்டியலில் சனிக்கிழமைக்கு நான் குறித்திருந்த உணவகத்தில், இந்தத் தடவை நேரம் விசாரித்துக்கொண்டு போய், பதினான்கு கிண்ணம் வைத்த தட்டுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் இரண்டு கிண்ணத்தைக்கூட முடிக்கவில்லை.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு நகல் வந்தது. தொழிலாளி மீது கூடுதல் குற்றச்சாட்டு: மனைவி மூலம் உணவு கொடுத்து விசாரணை அதிகாரியைத் தன் பக்கம் இழுக்க முயன்றார். ஆதாரம்: விசாரணை அதிகாரி கைப்பட எழுதிய குறிப்பு. பழைய புகாருக்காவது எச்சரிக்கையோடு தப்ப வழி இருந்தது. இதற்கு வேலை நீக்கம்தான். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் வாங்கி, கண்ணாடி போட்டு, தானும் ஒரு முறை படித்தாள்.

"நான் பசிச்சு நின்னது இதுல எங்கீங்க எழுதியிருக்குது?"

"எழுதவில்லை."

"அந்தம்மா சோறு போட்டாங்க. நீங்க அவங்க மேல கேஸு போட்டுட்டு வந்திருக்கறீங்க."

அன்றே உட்கார்ந்து எழுதினேன். என் பட்டியல் முதல் இணைப்பு. எந்தக் கடை எப்போது மூடியிருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் சிவப்பு மையில் குறித்தேன். மனைவியின் சர்க்கரைப் பரிசோதனைத் தாள் இரண்டாவது. அவள் தன் கையால் எழுதிய வாக்குமூலம் மூன்றாவது. நான் யாரென்று தெரிந்து அவர்கள் உணவு கொடுக்கவில்லை, என் கவனக்குறைவால் என் மனைவி மயங்கும் நிலையில் அவர்கள் வாசலில் போய் உட்கார்ந்தாள், இதை அன்று நான் வெட்கத்தால் மறைத்தேன் என்று நான்கு பக்கம். 'வெட்கத்தால்' என்ற சொல்லை எழுதத்தான் நேரம் பிடித்தது. அலுவலகக் கடிதத்தில் அதற்கு முன் அதை எழுதிய நினைவில்லை. என்னை விசாரணையிலிருந்து விடுவித்து, தொழிலாளியின் தரப்புச் சாட்சியாக அழைக்குமாறும் கேட்டேன். பதிவுத் தபாலில் போனது.

பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று. போன் செய்தால், பரிசீலனையில் இருக்கிறது சார் என்று ஒரு குரல். இதே பதிலை நானும் பல வருடம், இதைவிட இனிமையாகச் சொல்லியிருக்கிறேன். மறுமுனையில் இருப்பது எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் மனைவி அந்தப் பெண்ணோடு போனில் பேச ஆரம்பித்திருந்தாள். கூடாது என்று வாயெடுத்தேன்.

"இனி நீங்க ஆபீசரு இல்லீங்களே," என்றாள்.

மெஸ்ஸில் கூட்டம் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கிறார்கள், அவர் வீட்டுக்காரர் மேஜை துடைத்துக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் செய்தி வரும். ஒருநாள், "சார் மேல கோவமே இல்லையாமுங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நம்மகிட்டச் சொல்றதுக்காகச் சொல்றாங்க," என்றும் சொன்னாள்.

கடைசியில் பதில் வந்தபோது இரண்டே வரி இருந்தது. கூடுதல் குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. பழைய புகாரை வேறொருவர் விசாரிப்பார். அதுவரை தொழிலாளி வேலைக்கு வரலாம். என் நான்கு பக்கத்தைப் பற்றியோ, மூன்று நினைவூட்டலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நான் படித்து முடிப்பதற்குள் மனைவி போனை எடுத்துவிட்டாள். அங்கே அவர் காலை ஷிப்டுக்குப் போக ஆரம்பித்து இரண்டு நாளாகிவிட்டதாம்.

இப்போதும் விசாரணைக்கு அழைக்கிறார்கள், போகிறேன். கையெழுத்துப் போடும் முன், எழுதியதை ஒரு தடவை படிக்கிறேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, எதை விட்டேன், யாருக்காக விட்டேன் என்று யோசிக்கிறேன். ஒரு விதியையும் மீறாமல் ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்க என்னால் முடிந்திருக்கிறது என்ற நினைப்பு அப்போதெல்லாம் வரும், கூடவே அந்த இரண்டு வரிக் கடிதம் என் கைக்கு வந்த நாளும்: போன ஆண்டு, ஆடி பதினெட்டு; நான் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக அவர்கள் ஆறு மாதம் காத்திருந்திருக்கிறார்கள்.