வெள்ளைத் துணி

ஒரகடம் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. நேற்று ஒரு இரும்புக் குழாய்க்குள் அளவு பார்க்கும் கேஜை விட்டேன். வாய் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. யாரோ கம்பியில் துணி சுற்றி, அந்த வாய் வழியாகவே துடைத்திருக்கிறார்கள். எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் 1991 வந்துவிட்டது.

அப்போது நான் பள்ளியில் என்.சி.சி. மாணவி. வருடம் முழுக்க ரைஃபிள் துடைத்ததுதான் எங்கள் பயிற்சி. முறைப்படி பின்பக்க போல்ட்டைக் கழற்றி அந்த வழியாகத்தான் துணி சுற்றிய கம்பியை விட வேண்டும். டிரில் மாஸ்டருக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

"முன்னாடியே வுட்டுத் தேயுங்கம்மா. துணி வெள்ளையா வரணும், அவ்ளோதான்" என்பார்.

"இன்னாடி, சுட வுடவே மாட்டாரா?" என்று என் தோழி மல்லிகா புலம்புவாள்.

கடைசியில் ஆளுக்கு ஐந்து குண்டு கொடுத்தார். என் ஐந்தும் ஐந்து பக்கம் போயின.

"பொட்டப் புள்ளைங்க கண்ணு அவ்ளோதான்" என்று சிரித்தார். அடுத்த வருடம் பெண்களைச் சேர்க்கவே இல்லை.

நானும் வெகுகாலம் என் கண்ணைத்தான் நொந்துகொண்டிருந்தேன். குண்டு வெளியேறும் வாய் தேய்ந்தால் குறி தப்பும் என்பதும், சுட்டுத் தேயாத குழலை நாங்கள் துடைத்தே தேய்த்தோம் என்பதும் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"யாருய்யா இப்படித் துடைக்கச் சொன்னது?" என்று நேற்று கத்தினேன்.

லைன் சூப்பர்வைசர் ஒன்றும் புரியாமல் துணியை விரித்துக் காட்டினார்.

"வெள்ளையாத்தானே கீது மேடம்?"