குளத்தில் கரையாத வெல்லம்

அம்மாவின் உச்சந்தலையில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். பேன் பார்க்கும்போது விரலில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு, வழுவழுவென்று இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பாகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் உடம்பில் கட்டி வந்தால் மூன்று செவ்வாய்க்கிழமை கோயில் குளத்தில் வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. அப்பா ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டர். அவரே அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

மூன்றாவது செவ்வாய், அம்மா கோயிலுக்குப் போகக்கூடாத நாளாகிவிட்டது. "நீ போயி போட்டுட்டு வாடி" என்று ஓர் அச்சு வெல்லத்தை என்னிடம் கொடுத்தாள். குளத்துப் படிக்கட்டு வரை ஒழுங்காகத்தான் போனேன். ஓரத்தை மட்டும் கடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த ஓரம் முடிந்தபோது வெல்லமும் முடிந்திருந்தது. கையைக் குளத்தில் கழுவிக்கொண்டேன். சாமிக்கு அந்தப் பிசுபிசுப்பாவது போய்ச் சேர்ந்தது.

கட்டி கரையவில்லை. எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து, சீப்புப் பட்டுப் புண்ணானது. அப்பாவின் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளைக்கூட நிறுத்தாமல், அதைப் பிடித்தபடியே வாசலில் நின்று அழுதார். தினமும் அந்த மாதிரிச் சதை டப்பாக்களைத் தூக்குகிறவர். எந்த டப்பா எந்த வீட்டுக்கு என்ன சேதி கொண்டுபோனது என்று அறிந்தவர். "புத்துநோயா இருந்தா இன்னா பண்றது?" என்று அம்மாவிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. பாவி, ஓர் அச்சு வெல்லத்துக்கு அம்மாவையே காவு கொடுத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வரப் பத்து நாளாகும் என்றார்கள். மறுநாள் காலையிலேயே அம்மாவுக்கு வெல்ல விஷயம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறவள், சீப்பை என் கையில் கொடுத்து, "இனிமே நீயே பின்னிக்க" என்றாள். கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன். அதோடு விட்டாளா? ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், தம்பியின் சட்டைக் காலரில் அழுக்குப் போக எப்படித் தேய்ப்பது, அவனுக்கு இருமல் வந்தால் எந்த மருந்து என்று தினம் ஒன்றாகத் தலையில் கட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செய்த பாவத்துக்கு இது வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டு செய்தேன்.

பத்தாம் நாள் அப்பா மத்தியானமே வந்து எங்களை லேபுக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா என்னை ஸ்டூலில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ரோஜா நிறத்தில், பிய்த்துப் போட்ட புரோட்டா மாதிரி அடுக்கடுக்காக ஏதோ தெரிந்தது.

"இது புத்து இல்லம்மா. தோலுக்குள்ள ஒரு பை, அவ்ளோதான். உள்ள இருக்கிறது கெரட்டின். நம்ம நகம், முடியெல்லாம் அதாலதான் ஆனது."

வெட்டித் தூர எறிகிற நகத்துச் சரக்கா அப்பாவை அப்படி அழ வைத்தது? ஸ்டூலில் நின்றபடியே, "வெல்லத்த நான்தான் தின்னுட்டேன்" என்று உளறிவிட்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னா வெல்லம்?"

அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் வகிடு எடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா சீப்பைப் பிடுங்கினாள். "குடுடி இங்க." வலிக்க வலிக்க இழுத்துப் பின்னினாள். ரிப்பன் கட்டிய பிறகும் ஜடையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். வெல்லம் தின்றதே தெரியாது என்றால், பத்து நாள் எதற்காக என்னை அந்தப் பாடு படுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எப்படியோ தண்டனை முடிந்தது, அது போதும் என்று ஜடையை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.