நூராமல் எரிந்த பைலற்

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் மூன்று அழைப்பு. மூன்றும் ரெக்ஸ்டேல் தவமணி அன்ரி. ரொறன்ரோவில் குளிர் இறங்கிவிட்டால், கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்பே வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலரைத் திருத்துகிறவனைக் கூப்பிடுவார்கள்.

பழைய வீட்டோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பொயிலரின் அடியில் சுண்டுவிரல் அளவில் ஒரு நீலச் சுவாலை எந்நேரமும் எரியும். அதுதான் பைலற். அது நூர்ந்தால், அதாவது அணைந்தால், காஸ் தானாகப் பூட்டிக்கொள்ளும், வீடு விறைக்கும், என் தொலைபேசி அடிக்கும்.

செப்புக் கம்பி

பைலற்றின் சூட்டை உணர்ந்து காஸைத் திறந்துவைத்திருப்பது ஒரு மெல்லிய செப்புக் கம்பி. அன்ரி வீட்டில் அது கறுத்துப் போயிருந்தது. மாற்றினேன், பைலற் நின்று எரிந்தது.

அன்ரி வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்ற்றில், சமைக்க இரண்டாவது குசினி வைத்து, சனிக்கிழமைகளில் மிளகாய்த்தூள் வறுத்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறவர். மேலே நெடி வரக்கூடாது என்று கணவர் சிவபாதம் அங்கிள், மூடிவிட்ட சாப்பாட்டுக் கடை ஒன்றின் பெரிய புகைவிசிறியை வாங்கி அடுப்புக்கு மேல் பூட்டியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பொயிலர். நான் கழற்றிய கம்பியை அன்ரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தச் சின்னச் சாமானுக்கோ தம்பி நாங்கள் இரவு முழுக்க விறைச்சனாங்கள்?”

கீழ்வீட்டுப் பிள்ளை

அடுத்த ஞாயிறும் அதே அழைப்பு. திங்கட்கிழமை போய்ப் பைலற்றைத் துப்புரவாக்கினேன். ஒரு குச்சியைக் கொளுத்தி அணைத்து, புகைக்குழாயின் வாயில் பிடித்தேன். புகை ஒழுங்காக மேலே போனது. பொயிலரில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் இல்லாத வீட்டிலும் குற்றவாளி ஒருவர் தேவைப்படுவார். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த பிரியா, மதுரையிலிருந்து படிக்க வந்தவள். அவள் வெளிக்கதவைத் திறந்து காற்றை உள்ளே விடுவதுதான் காரணம் என்றார் அன்ரி. “மொளகா நெடி தாங்கல அண்ணா. சனிக்கிழமைன்னா தலைவலிதான். கதவத் தொறக்காம எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள் பிரியா. கதவைச் சாத்தி வைக்கச் சொல்லித் தீர்ப்பானது.

புகைக்கும் நச்சு வாயுவுக்கும் சுவரில் இருக்கவேண்டிய அலாரத்தைக் காணவில்லையே என்று கேட்டேன். “இருக்குத் தம்பி, பத்திரமாய் இருக்கு” என்றார் அன்ரி. அங்கிள் பொயிலருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“காத்துத்தானே பிரச்சினை? அதுக்கு நான் ஒரு வழி செய்யிறன்.”

நல்ல செய்தி

அந்த வாரம் அன்ரி ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானமே அழைத்தார், நன்றி சொல்ல. “இனி நீங்கள் மினக்கெடத் தேவையில்லைத் தம்பி. அங்கிள் பால்மா ரின்னை வெட்டி, பைலற்றைச் சுத்தி மறைப்பு வைச்சிட்டார். காலமை தொடக்கம் தூள் வறுக்கிறன், விசிறியும் ஓடுது. பைலற் அசையாமல் நிண்டு எரியுது!”

விசிறி ஓடுகிறது என்று அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் குச்சியின் புகையை வைத்துச் சோதித்த திங்கட்கிழமை அது ஓடவில்லை. அவ்வளவு பெரிய விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளினால், ஈடான காற்று பொயிலரின் புகைக்குழாய் வழியே கீழே இறங்கும். சனிக்கிழமைதோறும் பைலற்றை ஊதி அணைத்தது அந்தக் காற்று. பைலற் அணைந்ததால் பொயிலரும் நின்றது. கதவையும் திறந்துவிட்டதால், கீழே இருந்தவள் தலைவலியோடு தப்பினாள். இப்போது பைலற் அணையாது. பொயிலர் எரிந்துகொண்டே இருக்கும்; மேலே போகவேண்டிய நச்சு வாயு பேஸ்மென்ற்றுக்குத் திரும்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பிரியா எங்கே என்று கேட்டேன்.

“தலையிடி எண்டு அறைக்கை படுத்திருக்கிறாள். நல்லகாலம், இண்டைக்குக் கதவைத் திறக்கேல்லை.”

அரிசி வாளி

“பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியில போங்கோ. போய் நிண்டு தீயணைப்புக்குப் போன் அடியுங்கோ” என்றேன். இவ்வளவையும் கத்தித்தான் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரியா அம்புலன்ஸ் படியில், அங்கிளின் குளிரங்கிக்குள், ஒட்சிசன் முகமூடியோடு இருந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். பெயரைக் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள். அவளைத் தூக்கி வந்த அங்கிள் பனியில் வீட்டுச் செருப்போடு நின்றார்.

அலாரம் எங்கே என்று தீயணைப்பு அதிகாரி கேட்டார். அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். துவாயில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். அதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அன்ரி சொன்ன மிச்சத்தை விட்டுவிட்டேன்.

“புகைக்கும் கத்துது, மிளகாய்க்கும் கத்துது. வாய் ஓயாததை எப்படித் தம்பி சுவரில வைச்சிருக்கிறது?”

சிவப்பு அட்டை

பொயிலரை நிறுத்தி, பாவிக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டினேன். பால்மா ரின்னையும் கழற்றினேன். நல்ல வேலைப்பாடு. கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடித்துத் தட்டியிருந்தார் அங்கிள். நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிரியாவை, அன்ரி மேலே தன் மகளின் அறையில் படுக்கவைத்தார். மின்சார ஹீற்றர் ஒன்றை அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். “ஆன்ட்டி, இந்த ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கவா?” என்று கேட்டாள் பிரியா. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“திற பிள்ளை, திற. வீடு விறைச்சால் விறைக்கட்டும்.”

பைலற் நூர்ந்தால் மூன்று தரம் அழைக்கிறவர்கள், நூராமல் எரிந்தால் ஒருதரம் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள கரைச்சல். அடுத்த வாரம், மார்ச் தொடக்கத்தில், பைலற்றே இல்லாத புதுப் பொயிலர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை அன்ரி கராஜில் தூள் வறுக்க, பிரியா கீழே தலைவலி இல்லாமல் மத்தியானம் வரை தூங்கினாள்.