கோடாலிக்கு ஒரு குற்றவாளி

துப்பறியும் கதைகள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைப் புத்தகக் கடை வைத்து, அவற்றால்தான் சோறு தின்றேன். ஆனாலும் சொல்கிறேன்.

என் கடைக்கு வாடிக்கையாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்தக் கதைகளுக்கு உயிரை விடுவார். கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் உண்மையைக் கண்டுபிடித்து, ஏழைக் குற்றவாளியைப் பாவம் பார்த்து விட்டுவிட்டால் போதும், அவருக்குக் கண் கலங்கிவிடும். "இன்னா மனசும்மா அந்தாளுக்கு!" என்பார். நானும் தலையாட்டுவேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். சாலையோரப் புளியமரங்களைச் சாய்த்து வழியை மறித்திருந்தார்கள். சாய்த்தவர்கள் தலைமறைவு. போலீஸ் கையில் கிடைத்தவர்களையெல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது.

மறியல் தணிந்து முதல் சந்தை கூடியது. கரியாலூர்ப் பக்கமிருந்து கடுக்காய் கொண்டுவரும் மலைக்காரர்கள், சந்தைக் கூட்டத்துக்குள் வெட்டுக்கருவியோடு போக மாட்டார்கள். தெரிந்த கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒருவர் என் கடையில் வைத்த கோடாலி, சோதனைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது.

"யாருதும்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள், கடுக்காயை விற்றுவிட்டுத் திரும்பிய மலைக்காரரே முன்னால் வந்தார். "எங்களுதுங்க."

தன் பொருளைத் தன்னுடையதில்லை என்பது அவர்கள் மலையில் மானக்கேடு. இங்கே அதுவே மரம் வெட்டியதற்கு வாக்குமூலமாகிவிட்டது. "சாமை அறுப்புக்கு நிக்குதுங்க, நான் போவலன்னா பன்னி துன்னுடுங்க" என்று கும்பிட்டார். ஜீப்பில் ஏற்றினார்கள்.

கடையைச் சாத்தினேன். நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். "சார், மரம் கெடந்த எடத்துல போயி அடிமரத்தப் பாருங்க. வழவழன்னு கீது. ரம்பத்தால அறுத்தது. கோடாலின்னா சில்லு சில்லா தெறிச்சிருக்காதா?"

சப்-இன்ஸ்பெக்டர், படித்துக்கொண்டிருந்த என் கடைப் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "கத புக்கு ஜாஸ்தி படிச்சி நீயே துப்பறிய வந்துட்டியாம்மா? மேலதிகாரிங்களுக்கு ஆள் காட்டணும். எனக்கும் பாவமாத்தான் கீது. அதான் சின்ன கேஸா போட்டேன். கை கூட வைக்கல."

பாவமாம்! கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடிமரத்தைப் போய்ப் பார்க்க வக்கில்லாதவருக்குப் பாவம் ஒரு கேடா? மன்னிப்பது பெரிய மனசு என்று அந்தக் கதைகள் இவர் தலையில் ஏற்றியிருந்தன. மன்னிப்பதற்கு முன்னால் உண்மையைத் தேடி அலைய வேண்டும் என்ற பக்கங்களை மட்டும் இவர் படிக்காமல் புரட்டித் தள்ளியிருந்தார். தப்பே செய்யாத மனிதனுக்கு எதற்கு ஐயா இரக்கம்? நியாயத்தைக் கொடுங்கள், போதும்.

ஜாமீன் கிடைத்து மலைக்காரர் ஊருக்குப் போனபோது சாமையில் ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை. அடுத்த சந்தைக்கு வெறுங்கையோடு வந்து என் கடையில் உட்கார்ந்தார். ஆத்திரம் தாங்காமல் நான் சப்-இன்ஸ்பெக்டரைத் திட்ட ஆரம்பித்ததும் பதறிப்போய்த் தடுத்தார்.

"அப்டி சொல்லாதீங்கக்கா. நல்லவருங்க அவரு. ஒரு அடி கூட அடிக்கலீங்களே."