கடித்த பக்கம்

உறைபெட்டியிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே வைத்து மூடுகிறார். கல்லாக உறைந்துவிடக் கூடாது, கையில் நழுவவும் கூடாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் கத்தியை வைத்தால் மாட்டிறைச்சி ஏடு ஏடாகக் கழன்று வரும். "மெழுகு மாதிரி இருக்கணும்" என்பார். நாளெல்லாம் மெழுகோடு மல்லுக்கட்டுகிற மனிதர் வேறு எப்படிச் சொல்வார்?

தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். பல் மருத்துவர் என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து, அந்த அச்சில் கல்லாக இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். முழுக்க முழுக்க வாயைப் பற்றிய தொழில். ஆனால் ஒரு வாயைக்கூட நேரில் பார்க்கக் கொடுத்துவைக்காத தொழில். "ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுத்தாச்சு. அதை வச்சு ஒருத்தர் மென்னு இந்தக் கண்ணு பார்த்ததில்ல" என்பது அவருடைய தீராத மனக்குறை.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அவர் கண் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் ஆப்பிளைக் கடித்தால் போதும், இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டுவிடுவார். பட்டறையில் யாரோ பாதி தின்று வைத்த பிஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது நம்ம கணக்குப்பிள்ளை. மேல்பல்லு ரெண்டாவது கொஞ்சம் உள்ள போயிருக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் பத்திரமாக வைப்பார். கணக்குப்பிள்ளை அதற்குப் பிறகு அதைத் தின்பாரா? தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்வார்.

வீட்டில் பாடு இன்னும் மோசம். அவர் மனைவி பேருந்து ஓட்டுநர். தெருவில் எத்தனை ஹாரன் அடித்தாலும் அசையாத பெண்மணி, சாப்பாட்டு மேசையில் மட்டும் பொறுமையிழந்துவிடுவார். "நிம்மதியா ஒரு ரொட்டி திங்க முடியுதா இந்த வீட்ல? கடிச்சு வாயெடுக்கலை, அதுக்குள்ள எட்டிப் பார்த்தாச்சு!" போதாதென்று சமையலறை ஜன்னல் விளிம்பில் அவருடைய பற்களின் மாவு வார்ப்பு ஒன்று, கைத்துணி பறக்காமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. "என் பல்லு என்னையே பார்த்து இளிக்குது அண்ணி, எங்க போய் சொல்ல?" என்று நாத்தனாரிடம் முறையிடுவார்.

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டுபிடித்தவரே அந்த நாத்தனார்தான். பல்லுக்காரரின் அக்கா. தம்பி தொழில் பழகிய காலத்திலேயே அவனுடைய பார்வையைக் கவனித்து, எதைக் கடித்தாலும் கடித்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக் கையால் மறைத்து வைக்க ஆரம்பித்தார். பிறகு அது குடும்ப வழக்கமாகிவிட்டது. விருந்தாளிகள்கூட ஒருமுறை மாட்டிக்கொண்டால் மறுமுறை தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் ஸ்டேக் சாண்ட்விச் என்பது எழுதாத சட்டம். அடுப்பருகே வேறு யாருக்கும் இடமில்லை. வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, சின்னத் தீயில், அது பொறுமையிழக்கும்வரை வதக்கி ஒதுக்கி வைப்பார். இறைச்சியை எப்போதும் நாருக்குக் குறுக்கே வெட்டுவார். "நாரோட போனீங்கன்னா ரப்பர். குறுக்க போனீங்கன்னா பஞ்சு." இரும்பு வாணலி புகைவிட்ட பிறகுதான் ஏடுகள் உள்ளே இறங்கும். சொய்யென்ற சத்தம் குறைவதற்குள் ஒரு புரட்டு, உப்பும் மிளகும், வெங்காயம் வந்து சேரும், மேலே சீஸ் துண்டுகளைப் போர்த்தி மூடிபோட்டு அடுப்பை அணைத்துவிடுவார். பக்கத்து அடுப்பில் நீள ரொட்டி வெண்ணெயில் குப்புறக் கிடந்து சிவக்கும். மூடியைத் திறந்தால் சீஸ் உருகிக் கறியின் இடுக்கெல்லாம் புகுந்திருக்கும். அப்படியே வாரி ரொட்டிக்குள் தள்ளுவார்.

"எத்தனையோ இருக்க, ஏங்க இதையே செய்றீங்க?" என்று மனைவி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அந்த அம்மாள் இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். "ரொட்டிக்கு முன்பல்லு வேணும், கறிக்கு கடைவாய்ப்பல்லு வேணும், சீஸுக்குப் பொறுமை வேணும். முழு வாயும் வேலை செய்யணும். இதை ஒழுங்கா தின்னுட்டா அந்த வாய்க்கு எந்தக் கவலையும் இல்ல."

அக்கா கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருக்கிறார். துணிக்கடையில் நின்று வாய் ஓயாமல் பேசி, வாங்க வராதவர்களையும் வாங்கவைத்தவர். கடைக்கு வெளியே கேட்கும் அவருடைய சிரிப்பு. ஈறு நோய் வந்து பற்கள் மொத்தமும் போனபோது, மருத்துவர் எடுத்த அச்சு தம்பியின் பட்டறைக்கே வந்தது. மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் அதில் உட்கார்ந்தார். அக்காவுக்கு இடது பக்கக் கோரைப்பல் சற்றுத் திரும்பியிருக்கும். புதிய செட்டிலும் அதை அப்படியே திருப்பி நட்டார். "இதை ஏன்டா கோணலா வச்ச?" என்று அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார். "கோணல் இல்லாட்டி அது நீ இல்லக்கா" என்றார் தம்பி. அக்கா வெகுநேரம் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த வினோதம் தொடங்கியது. ஞாயிறு தவறாமல் அக்கா மேலே வருவார், பேசுவார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார். தட்டு வந்ததும், "இப்ப பசிக்கலடா. கட்டிக் குடு, வீட்ல போய் நிதானமா சாப்பிடறேன்" என்பார். தம்பி அலுமினியத் தாளில் சுற்றி, மருத்துவர்களுக்குப் பல்செட் அனுப்புகிற பொட்டலம்போல இரண்டு முனைகளையும் முக்கோணமாக மடித்துக் கொடுப்பார். "பல்லு எப்படிக்கா இருக்கு? எங்கயாவது உறுத்துதா?" "நல்லா இருக்குடா." துணிக்கடையில் சாயம் போகுமா என்று கேட்பவர்களுக்கு அக்கா அதே குரலில்தான் பதில் சொல்வார் என்பது தம்பிக்குத் தெரியும்.

போன ஞாயிறு மாலை குப்பை போடக் கீழே போனவர், அடுக்குமாடிக் காவலாளியின் நாற்காலியருகே நின்றுவிட்டார். காவலாளி வாசல் கதவருகே முதுகைக் காட்டி நின்று விரல்களைச் சூப்பிக்கொண்டிருந்தார். நாற்காலியில் அலுமினியத் தாள், முக்கோண மடிப்பு, அதற்குள் பாதி சாண்ட்விச். பல்லுக்காரர் குனிந்தார். கடித்த இடத்தின் நடுவே ரொட்டி சின்ன மேடாக நின்றது. முன்பற்களுக்கிடையே நல்ல இடைவெளி உள்ள வாய். காவலாளி சிரித்தால் அந்த இடைவெளிதான் முதலில் தெரியும்.

குப்பைக் கூடையை மறந்து வெறுங்கையோடு மேலே வந்தார். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றார் மனைவி.

"அக்கா சாப்பிடறதே இல்ல. நான் குடுக்கறதெல்லாம் கீழ காவலாளிக்குப் போகுது."

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. என் வேலையில குறை இருக்கு. என் மனசு நோகும்னு மறைக்கறா."

அந்த வாரம் பட்டறையில் அவருக்குக் கை ஓடவில்லை. அக்காவின் மாவுத் தாடையை எடுத்து, வாய்போலத் திறந்து மூடும் பித்தளைக் கருவியில் பொருத்தி, மூடுவார், திறப்பார், மூடுவார். எங்கே உயர்ந்திருக்கிறது, எங்கே தாழ்ந்திருக்கிறது? ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பித்தளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. அக்காவுக்கு என்ன என்றுதான் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, சொந்த அக்காவின் வாயில் தோற்றுவிட்டதா என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை.

இந்த ஞாயிறு அவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு சாண்ட்விச்சை வழக்கம்போலச் செய்துவிட்டு, மூன்றாவதற்கு மட்டும் இறைச்சியைக் கொத்திப் பொடியாக்கினார். ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை வெட்டி எறிந்தார். உள்ளே சீஸ் கூழாக நின்றது. அதை அக்காவின் இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்தார்.

அக்கா தன் தட்டைப் பார்த்தார். தம்பியின் தட்டைப் பார்த்தார். ஒரு விரலால் ரொட்டியை அமுக்கினார். விரல் உள்ளே போனது.

"என்னடா இது? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"சும்மாதான்க்கா. மெத்துன்னு இருக்கட்டும்னு..."

"கறியக் கொத்தியிருக்க. ஓரத்தை வெட்டியிருக்க. ஊட்டி விடறதுதான் பாக்கி."

மனைவி தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடத் தொடங்கினார். பல்லுக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நீ சாப்பிடறதில்லைன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றார்.

அக்காவின் முகம் சிவந்தது. "காவலாளி சொல்லிட்டானா?"

"அவர் எங்க சொன்னார்? ரொட்டி சொல்லிச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கம்போல வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குமேல் கண்கள் நிறைந்தன. "பாவி, அதையும் பார்த்துட்டியா?"

"எங்க வலிக்குது, சொல்லுக்கா. மாத்தி செஞ்சு தர்றேன்."

"எங்கயும் வலிக்கலடா. நான் இன்னும் ஒண்ணையும் கடிச்சே பார்க்கல. சூப்பு, ஊறவச்ச ரொட்டின்னு ஓட்டிட்டு இருக்கேன்." அக்கா மேசை விரிப்பை நீவினார். "கடிச்சு, கழண்டு விழுந்துச்சுன்னா? வேற எவனாவது செஞ்சிருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சு சண்டை போட்டிருப்பேன். இது நீ செஞ்சது. ராப்பகலா உட்கார்ந்து செஞ்ச. சரியில்லைன்னு தெரிஞ்சா உன்கிட்ட எப்படிடா வந்து சொல்லுவேன்? தெரியாமலே இருந்துடலாம்னுதான்..." மெத்தென்ற சாண்ட்விச்சை மறுபடி ஒருமுறை அமுக்கினார். "ஆனா உனக்கே உன் வேலை மேல நம்பிக்கை இல்ல போல இருக்கே."

பல்லுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. அக்கா சொன்னது நிஜம்தானே! வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன்னுடையதை அவர்முன் தள்ளினார். ஓரம் கருகச் சிவந்த ரொட்டி. வழிந்த சீஸ் விளிம்பில் உறைந்து கெட்டியாகியிருந்தது.

"முன்பல்லால இழுக்காதக்கா. ஓரமா வை, இடது பக்கம். கடிக்கறப்போ ரொட்டியை உள்ள தள்ளு."

அக்கா இரண்டு கையாலும் எடுத்தார். மனைவி எழுந்து புகைபோக்கி விசிறியை நிறுத்தினார். வீடே அமைதியாகிவிட்டது. ஊரார் சாப்பிடுவதையெல்லாம் வெட்கமில்லாமல் பார்த்த மனிதருக்கு இப்போது பார்க்கத் தைரியமில்லை. முகத்தைத் திருப்பி, ஜன்னலில் இளித்துக்கொண்டிருந்த மாவுப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொறுக்கென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. பிறகு, நிதானமாக, மெல்லும் சத்தம். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம். "அண்ணி, தாடையில சீஸ்" என்று மனைவி மெதுவாகச் சொன்னார். அக்கா துடைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

மேசைமேல் தட்டு உரசும் சத்தம் கேட்டுத்தான் பல்லுக்காரர் திரும்பினார். அக்கா வாய் நிறைய வைத்துக்கொண்டு, பொத்தாமல், மென்றுகொண்டிருந்தார். சாண்ட்விச் தட்டில் இருந்தது. ஒரு விரலால் தட்டைச் சுழற்றி, கோணல் பல்லின் தடம் விழுந்த, கடித்த பக்கத்தைத் தம்பிக்கு நேராகத் திருப்பி வைத்தார்.