மூன்று வரி வக்கீல்

அந்தக் கறுப்புக் கோட்டில் இருமல் மருந்து வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் கலந்து அடித்தன. போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தால் எனக்குத் தும்மல் வரும், தும்மினால் தோள் இரண்டும் நழுவிக் கைகள் உள்ளே மறைந்துபோகும். பசறைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவின் பழைய கோட்டு அது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆறடி உயரம்; நான் பதினான்கு வயதில் தேயிலைச் செடிக்கு ஒரு சாண் மேலே நின்றவன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் ஒரு கோர்ட்டு நாடகம் எழுதி, எனக்கு அரசாங்க வக்கீல் வேஷம் தந்து, கோட்டையும் தந்தார். எங்கள் தோட்டத்தில் கோட்டுப் போட்ட முதல் புல்லுவெட்டி நான்தான். அப்படியிருந்தும், கிழிந்த சட்டை வேஷம் போட்டவனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்றால், அது எப்பேர்ப்பட்ட வயிறு என்பதை வாசிப்பவர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கிழிந்த சட்டைக்காரன் மாசிலாமணி, என் அத்தை மகன். எனக்கு மூன்று மாதம் மூத்தவன். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்த "காம்பரா", ஆளுக்கு ஓர் அறை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். நின்றவன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கைகூப்பி என்னை அனுப்பிவைத்தார் என்பதே உண்மை. மாசி ஐந்தாம் வகுப்பு முடித்ததும் பதுளைக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தான். புருஷனை இழந்த அங்கம்மா அத்தை, ஒற்றைப் பிள்ளை என்றைக்காவது கிளாக்கரையாவாக வருவான் என்று, விடியுமுன்னே "பெரட்டு"க்குப் போய்ப் பெயர் கொடுத்து, பொழுது சாயும் வரை கொழுந்து பறித்தாள். அவன் லீவுக்கு வரும் நாட்களில் என் அம்மாவே எனக்கு வைத்த கருவாட்டில் பாதியை எடுத்து அவனுக்கு வைப்பாள். "படிக்கிற புள்ள, மூளைக்கு வேணும்" என்பாள். எனக்கு மூளை இல்லாததால் தலைப்பக்கம் எனக்கு வரும்.

நாடகம் என்னவென்றால், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில் பஞ்சம் வருகிறது. ஒரு பணக்காரனின் தானியக் களஞ்சியத்தை ஓர் ஏழை உடைத்து, ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கைதாகிறான். நீதிபதி டிஸ்பென்சர் ஐயா. ஏழை மாசி. அவனுக்கு இரண்டு முழுப்பக்கம் வசனம். அரசாங்க வக்கீலான எனக்கு மூன்று வரி. "கனம் நீதிபதி அவர்களே. இவன் களஞ்சியத்தை உடைத்த கள்வன். கடுந்தண்டனை கொடுங்கள்." இதில் முதல் வரி நீதிபதியுடையது, இரண்டாவது மாசியுடையது, எனக்கென்று சொந்தமாக மிஞ்சுவது மூன்றாவது மட்டும்தான் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன்.

எங்கள் காம்பராக்களுக்கு நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மலாம். திருவிழா லீவு என்று வந்திருந்த மாசி தன் வசனத்தைப் படித்துப் படித்துச் சொல்வது முழுவதும் சுவருக்கு மேலால் வந்து என் காதில் விழுந்தது. "கதவை உடைத்தேன் என்கிறீர்கள். கதவு பட்ட பாட்டைக் கணக்கெடுத்த கனவான்களே, காய்ந்து கிடந்த வயிறுகள் பட்ட பாட்டை இந்த மன்றத்தில் யாராவது கேட்டதுண்டா?" என்று அவன் குரலை உயர்த்தும்போது, அடுப்படியில் அத்தை கரண்டியைத் தட்டாமல் நின்று கேட்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் எழுத்தறியாத எனக்கு இரண்டு பக்கமும் மனப்பாடம் ஆகிவிட்டது. புல்லு வெட்டும் மலையில் தேயிலைச் செடிகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அவனைவிட நன்றாக வந்தது. செடிகள் ஒன்றும் மறுக்கவில்லை.

ஏழை வேஷத்தை எனக்குத் தரச் சொல்லி ஐயாவிடமே போய்க் கேட்டும் பார்த்தேன். அவர் மருந்துப் போத்தலைக் குலுக்கியபடியே, "நீர் மூண்டு வரி சொன்னாக் காணும் தம்பி. அதையும் விழுங்காமல் சொல்லும்" என்றார்.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது "பீலி"யில், அதாவது மலைத் தண்ணீர் குழாயாய் விழும் இடத்தில், நானும் மாசியும் குளித்துக்கொண்டிருந்தோம். அவன் திடீரென்று சொன்னான்.

"மச்சான், நான் பள்ளிக்கொடம் போயி மூணு மாசமாச்சுடா."

"அப்பறம் எங்கடா இருக்க?"

"பதுள பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு சாப்பாட்டுக் கட. கோப்ப கழுவுறேன். அங்கேயே படுத்துக்குவேன்."

"ஏன்டா, படிப்பு வரலியா?"

"வந்துச்சு. பக்கத்துல ஒக்காந்தா எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போறானுங்கடா. தோட்டக்காட்டான்னு. எத்தன நாளைக்குத் தனியா ஒக்காருறது?" தண்ணீருக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துரும். சொல்லிறாதடா" என்றான்.

ஈரத் தலையோடு மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். அவனுக்காக வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது. சுவருக்கு மேலால் வந்த வசனம்கூட இனிப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக என் தட்டிலிருந்து போன கருவாடெல்லாம் கோப்பை கழுவத்தான் போயிருக்கிறது என்று நினைத்தபோது, அது திரும்பி வந்து என் வயிற்றில் விழுந்தது போல இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துக் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதுளைக் கோர்ட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாரத்தில் ஒரு சாயங்காலம் துரையின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நடக்கும் விசாரணை. ஜன்னலுக்கு உள்ளே துரை, பக்கத்தில் பெரிய கங்காணி, வெளியே சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர். அங்கே கோழி காணாமல் போன வழக்கில் கோழியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். "தொரைங்களே, இவ ஆத்தாளே கொழுந்துக் கூடைக்கு அடியில கல்லு வச்சவ தொரைங்களே, இவ அண்ணன் பண்டாரவளையில பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுனவன்" என்று எதிராளியின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு அவிழ்த்து வைப்பார்கள். கங்காணி அதில் பத்தில் ஒரு பங்கைத் துரைக்குச் சொல்வார். யார் அதிகமாக அவிழ்த்தார்களோ அவர்கள் ஜெயித்த மாதிரி நடந்து வருவார்கள். வக்கீல் வேலை என்பது அதுதான் என்று நான் மனதார நம்பியிருந்தேன்.

திருவிழாவின் இரண்டாம் நாள் பகல் மூன்று மணிக்குப் பெரட்டுக்களத்தில் நாடகம். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை அடுக்கி மேடை, தேயிலைச் சாக்குகளைத் தைத்துத் திரை. முன்வரிசையில் கங்காணி நாற்காலியில், அவருக்குப் பின்னால் தரையில் அங்கம்மா அத்தை, புதுச் சேலை. அவளை ஒட்டி என் அம்மா. நமுனுகுல மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

மாசி கிழிந்த சட்டையோடு கூண்டில் ஏறியதும் பொம்பிளைகள் "ஐயோ பாவம்" என்றார்கள். வாயைத் திறப்பதற்கு முன்பே "ஐயோ பாவம்". எனக்கு அது போதும்.

"கனம் நீதிபதி அவர்களே. இவன் களஞ்சியத்தை உடைத்த கள்வன்" என்று தொடங்கினேன். கை கோட்டுக்குள் போய்விட்டதால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு எனக்குச் சாராயம் மாதிரி. கையை வெளியே இழுத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

"நீதிபதிங்களே, இவன் மூஞ்சிய பாருங்க. பஞ்சத்துல அடிபட்ட மூஞ்சியா இது? எண்ண தடவி வகிடு எடுத்திருக்கான். சட்டதான் கிழிஞ்சிருக்கு. அதுவும் நேத்து கத்திரிக்கோலால கிழிச்சது, புடிச்சிக்கிட்டது நானு."

பெரட்டுக்களம் குலுங்கியது. கங்காணி தொடையில் தட்டினார். மாசியும் சிரித்தான். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் என்னை நல்ல கோமாளி என்று சொல்லியிருப்பார்கள்.

"இப்ப இவன் பேசுவான் பாருங்க. அந்தத் தமிழ கேட்டு மயங்கிறாதீங்க. இந்த வாய்தான் பெத்த தாய்கிட்ட படிக்கிறேன், படிக்கிறேன்னு சொல்லிச்சு. பதுளையில எந்தப் பள்ளிக்கொடத்துல சாப்பாட்டுக் கட கோப்ப கழுவச் சொல்லித் தாராங்க, கேளுங்க. மூணு மாசமா அந்தப் படிப்புதான் படிக்கிறான். அந்தம்மா மழையில நனஞ்சு கொழுந்தெடுக்குது, இவனுக்கு நாங்க கருவாடு குடுத்தோம் நீதிபதிங்களே, நடுத்துண்டு, நாங்க தலைய தின்னுட்டு..."

கருவாடு என்று சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. அழுகை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் காதுக்கு எட்டியது. அத்தனை பேரும் மாசியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை அவிழ்த்து வைக்கப் போய், நின்ற இடத்தில் நான்தான் அவிழ்ந்து நின்றேன்.

நீதிபதி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உது நான் எழுதினதில இல்லையே."

மாசி கூண்டின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அத்தை எழுந்தாள். அவள் மயங்கி விழுவாள், அல்லது செருப்பைத் தேடுவாள் என்று நினைத்தேன்; அவளிடம் செருப்பு கிடையாது என்பதுகூட அப்போது நினைவில்லை.

"டாக்குட்டரையா" என்றாள். "வக்கீலு சொன்னது நெசந்தாங்க. எனக்கு முன்னமே தெரியும். ஆனா அது வேற வழக்குங்க. இப்ப இந்த வழக்குல எம்மவன பேச விடுங்க." பிறகு மகனைப் பார்த்து, "பேசுடா, மழ வருது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மாசி பேசினான். முதல் இரண்டு வரி காற்றுப் போல வந்தது; பிறகு கதவு, களஞ்சியம், காய்ந்த வயிறு எல்லாம் வந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் கடைசிவரை மேடையில் நிற்க வேண்டும் என்பது ஐயாவின் ஏற்பாடு, ஆகவே நின்றேன். பாதியில் முன்வரிசைப் பிள்ளைகள் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். ஏனென்று பார்த்தால், என் உதடுகள் அவன் வசனத்தை அவனோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தன. அரசாங்க வக்கீலே குற்றவாளிக்காக வாயசைத்தது அந்த ஒரு கோர்ட்டில்தான் நடந்திருக்கும். அவன் முடித்தபோது தூறல் விழுந்தது, ஒருவரும் எழுந்திருக்காமல் நனைந்தபடியே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விடுதலை என்று தீர்ப்புச் சொன்ன ஐயா, இறங்கும்போது கோட்டை என் தோளிலிருந்து தாமே கழற்றிக்கொண்டு சொன்னார்: "வழக்கு களஞ்சியத்தைப் பற்றினது தம்பி. நீர் உம்மைப் பற்றியெல்லோ பேசிப்போட்டீர்."

அம்மா என்னை அடிக்கவில்லை. சோற்றைப் போட்டு, "அந்த வாயக் கழுவிட்டுத் தின்னு" என்றாள். அத்தைக்கு எப்படித் தெரியும் என்பதையும் அன்றைக்கு அவள்தான் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரஜாவுரிமை விசாரணைக்காகப் பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க ஆபீசுக்கு, போன அத்தை, கையோடு முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் போனவள், சாப்பாட்டுக் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று, மகன் கோப்பை அடுக்குவதை அடுத்த பஸ் வரும்வரை பார்த்துவிட்டு, கூப்பிடாமல் வந்துவிட்டாள். அவன் வெட்கப்படுவான் என்று. திருப்பிக் கொண்டுவந்த முறுக்கை, "மருமவனே, இந்தா" என்று சுவருக்கு மேலால் எனக்குக் கொடுத்தாள். நானும் எதற்கு என்று கேட்காமல் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறேன்.

அதைக் கேட்டபோது வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி. முதலில் வந்தது பொறாமை. அப்படி எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போக எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். என் அம்மாவாக இருந்தால் கடைக்குள்ளேயே வந்து, கோப்பையாலேயே அடித்திருப்பாள்.

மாசி பதுளைக்குத் திரும்பிப் போகவில்லை. தோட்டத்தில் பெயர் பதிந்து, என் பக்கத்து வரிசையில் புல்லு வெட்டினான். என்னோடு பேசாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளே, "மச்சான், சொரண்டிய தீட்டித் தாடா" என்றான். அதிலும் என்னை முந்திவிட்டான்.

பிற்பாடு இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தம் வந்து தோட்டத்து ஆட்களைப் பிரித்தபோது, அத்தை வீட்டுக்கு இந்தியா விழுந்தது. எங்கள் வீட்டுக்கு எப்படியோ இந்த நாடு கிடைத்தது. பதுளை ஸ்டேஷனில் "கோச்சி" புறப்படும் முன், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போன நான், அவன் டிரங்குப் பெட்டியைப் பார்த்து ஏதோ பகடி பண்ணிக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தான்.

"அன்னைக்கு நீ பேசுனதுதான்டா பேச்சு" என்றான். "என்னோடது ஐயா எழுதிக் குடுத்தது. ஒன்னோடது ஒனக்கு யாரும் எழுதிக் குடுக்கல."

கோச்சி நகர்ந்துவிட்டது. அது மன்னிப்பா தீர்ப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பெரட்டுக்களத்தில் இப்போது பாதி மரக்கறித் தோட்டம், பாதியில் முச்சக்கர வண்டிகள் நிற்கின்றன. ஐயா இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை. கடைச் சாமான் சுற்றிவந்த பேப்பர்களில் எழுத்துக்கூட்டிப் படித்து, ஒருவழியாக எழுதவும் கற்றுக்கொண்ட நான், அந்த நாடகத்தைப் பார்த்தவர்களில் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். இளசுகள் சில நேரம், "தாத்தா, நீங்க அந்தக் காலத்துல நாடகத்துல வக்கீலா நடிச்சீங்களாமே, நல்லா பேசுனீங்களா?" என்று கேட்கும். இல்லையென்று சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது. கைதட்டு நிற்கவேயில்லை என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். கைதட்டியது உண்மை, யாருக்கென்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.